எமோசியின் நடை

எமோசியின் உயரம் ஆறடி மூன்று அங்குலம். அதை முழுசாகப் பார்த்தவர்கள் நவாங்கா கிராமத்தில் அதிகம் பேர் கிடையாது. யாராவது பாயில் உட்கார்ந்திருந்தால் போதும், அவர்கள் முன்னால் கடக்கிறபோது இடுப்பில் கதவுக்கீல் வைத்தவன்போல மடங்கிவிடுவான். வலது கை தரையைத் தடவுவதுபோலத் தொங்கும். வாய் "திலோ, திலோ" என்று முணுமுணுக்கும். உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு மேலே என் தலை போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பொருள்.

ஃபிஜியின் கோரோத் தீவில் எல்லோரும் குனிகிறவர்கள்தான். ஆனால் மற்றவர்கள் தலைவருக்கு முழுக்குனிவு, மாமனாருக்கு முக்கால், தெரிந்தவர்களுக்கு லேசாக ஒரு தோள்சரிவு என்று அளந்து குனிவார்கள். எமோசிக்கு அளவு தெரியாது. தலைவர் வீட்டுப் பாயில் பூனை மட்டும் படுத்திருந்த ஒரு மத்தியானம், அதற்கும் குனிந்துவிட்டுப் போனான். அதைப் பார்த்துவிட்டவன் வைசாலே.

வைசாலே எமோசிக்கு மாமன் மகன். ஃபிஜியில் மச்சான் என்றால் கேலிக்கு உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்த மாதிரி. மச்சான் என்ன சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்தால் அந்தக் கோபத்தையும் சேர்த்து நடித்துக் காட்டுவான். வைசாலேயின் தொண்டையில் கடவுள் நாற்பது பேரைக் குடிவைத்திருந்தார். பாதிரியார் பிரசங்கத்தின் நடுவே தும்முவது, வானொலிக்காரர் புயல் எச்சரிக்கை வாசிப்பது, தலைவரின் மனைவி பன்றியை விரட்டுவது எல்லாம் அதில் இருந்தன. எல்லாவற்றையும்விட அவன் ஆசையாகச் செய்வது எமோசியைத்தான்.

"பூனையார் படுத்திருக்கார், திலோ, திலோ" என்று அவன் குனிந்து போனால், கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறவர்கள் எமோசிக்கு வழிவிடுவார்கள்.

அவன் நிஜமாகக் குனிந்து மட்டும் யாரும் பார்த்ததில்லை. தலைவர் முன்னால், அதுவும் அம்மா முறைத்தால், கொஞ்சம் சரிவான். அவ்வளவுதான். "எங்கம்மா என்னைப் பெத்தப்பவே முதுகு நேராத்தான் வந்துச்சு. அதை வளைச்சு உடைச்சுட்டா யாரு ஒட்டித் தர்றது?" என்பான்.

எமோசி கல்யாணம் செய்துகொண்டது வைசாலேயின் தங்கை லிதியாவை. வயதுக்கு வந்த பிறகு அண்ணனும் தங்கையும் முகம் பார்த்துப் பேசிக்கொள்வது ஊர் வழக்கமில்லை. ஒருவர்மேல் ஒருவருக்கு அவ்வளவு மரியாதை. அதனால் அண்ணனுக்குச் சொல்ல வேண்டியதை லிதியா எமோசியிடம் சொல்வாள். அண்ணன் பத்தடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பான். எல்லாம் காதில் விழும். இருந்தாலும் எமோசி போய்ச் சொன்ன பிறகுதான் பதில் வரும்.

தீவில் பையன்களுக்கு இருந்த வழி இரண்டு. ஒன்று கொப்பரை, இன்னொன்று ராணுவம். இரண்டு பேரும் ராணுவத்துக்குப் போனார்கள். முகாமில் நடந்த ரக்பி ஆட்டத்தில் எமோசிக்கு இடது முட்டி பிசகியது. அதற்கப்புறம் அவன் குனிந்து போகும்போது வலது கால் பொத்தென்று விழும், இடது கால் சர்ரென்று இழுபடும். கடந்து முடித்ததும் மூச்சு வாங்கி மூக்கை ஒரு தரம் உறிஞ்சுவான். வைசாலே ஒரே வாரத்தில் அந்த இழுப்பையும் உறிஞ்சலையும் சேர்த்துக்கொண்டான்.

எண்பத்தாறாம் வருஷம் அவர்களுடைய பட்டாலியனை ஐ.நா. அமைதிப்படையின் நீலத் தொப்பி போட்டு லெபனானுக்கு அனுப்பினார்கள். படகுத்துறையில் கிராமமே பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. யங்கோனா வேர்ச்சாறு நிறைந்த கிண்ணம் ஒவ்வொருவராகச் சுற்றிவந்தது. லிதியா மகள் உலாமிலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு எமோசியை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"உலாமிலா அப்பா, உங்க மச்சான் வாயால கெடுறவரு. நீங்க பக்கத்துலயே இருக்கணும்."

"இருக்கேன்."

"வர்றப்ப இந்தப் படகுலேருந்து நீங்க தனியா இறங்குனீங்கன்னா, நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது."

பத்தடி தள்ளி வைசாலே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மச்சான், உன் பொண்டாட்டி என்ன சொல்றா?"

"உன்னைத் திருப்பிக் கூட்டிட்டு வரச் சொல்றா."

"என்னமோ குடையை மறந்துட்டு வந்துடாதேங்கிற மாதிரி சொல்றாளே."

தெற்கு லெபனானில் அவர்களுக்குக் கொடுத்த வேலை ஒரு மலைப்பாதையில் தடுப்பு போட்டு நிற்பது. யார் வேண்டுமானாலும் போகலாம், ஆயுதம் போகக் கூடாது. பட்டாலியன் அந்தப் பக்கம் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஒலிவக் காய் பறிக்கிற காலம். வைசாலே அதற்குள் பாதி அரபு பேசினான். வார்த்தை வராத இடத்தில் ஆளையே நடித்துக் காட்டினான். காய் பறிக்க வந்த பெண்கள் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். ஒருநாள் வயர்லெஸ்ஸில் கேப்டன் இலாய்தியாவின் குரலில், "நம்பர் மூணு போஸ்ட், எமோசிக்கு மாட்டிறைச்சி டின் ரெண்டு சேர்த்துக் குடுங்க, பூனைக்குக் குனிஞ்ச வீரத்துக்காக" என்று உத்தரவு போட்டான். அதே அலையில் நிஜக் கேப்டன் இருந்தார்.

"எனக்கும் ஒரு டின் குடுத்துட்டு, நாலு நாள் கக்கூஸ் கழுவுடா" என்றார் அவர். அவர் குரலில் அவரே பேசினாலும் வைசாலே அளவுக்கு வரவில்லை என்று போஸ்ட் முழுக்கப் பேச்சு.

அந்த வாரக் கடைசியில் ஒரு லாரி வந்தது. மேலே வெங்காய மூட்டை. வைசாலே ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்த்தான். அடியில் பன்னிரண்டு துப்பாக்கிகள். லாரியை நிறுத்திவைத்து, ஓட்டியவர்களை நடத்தியே திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் மலைமேல் கிராமத்தில் அபு சாலிம் என்ற ஆயுதக்குழுத் தலைவனுடைய ஆட்கள்.

மறுநாள் காலை ரோந்துக்கு எமோசியின் முறை. முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"நொண்டிக் குதிரை, நீ படு" என்று வைசாலே அவனுடைய தண்ணீர்ப் புட்டியை எடுத்து மாட்டிக்கொண்டான். "உன் முறையை நான் பார்த்துக்கறேன். போற வழியில ஏதாவது பூனை இருந்தா உன் சார்பா விசாரிச்சுட்டு வர்றேன்."

ஒலிவத் தோப்பின் திருப்பத்தில் மூன்று வண்டிகள் ரோந்தை மறித்தன. மூட்டையைத் தூக்கியவன் யாரென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வைசாலேயை மட்டும் இழுத்துப் போட்டுக்கொண்டு போனார்கள்.

இரண்டு நாள் பேச்சுவார்த்தை வயர்லெஸ்ஸிலேயே நடந்தது. எமோசி சாப்பிடவில்லை. அந்தத் தண்ணீர்ப் புட்டியில் அவனுடைய பெயர்தான் எழுதியிருந்தது.  மூன்றாம் நாள் அபு சாலிம் நேரில் வரச் சொன்னான். இரண்டே பேர், ஆயுதம் கூடாது, வெயில் சாய்வதற்குள் முடிவு சொல்ல வேண்டும். கேப்டன் எமோசியைப் பார்த்தார்.

"முட்டி எப்படிடா இருக்கு?"

"நல்லாயிருக்கு சார்."

"பொய் சொல்றே."

"ஆமா சார்."

"ஏறு."

எண்ணெய் ஆட்டுகிற செக்கு இருந்த ஒரு கல்வீட்டின் முற்றம். அவர்கள் நுழைந்தபோது எல்லோரும் நின்றிருந்தார்கள், அதனால் குனியவேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. மொழிபெயர்க்க நஜீப் என்ற பள்ளி வாத்தியார் வந்திருந்தார். பிறகு அபு சாலிமும் அவன் ஆட்கள் ஐந்து பேரும் வாசலுக்கும் உள்ளறைக் கதவுக்கும் நடுவே வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். எதிரே கேப்டனுக்கு ஒரு முக்காலி. கூரைமேல் துப்பாக்கியோடு ஒருத்தன். அந்த ஊரில் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் காப்பி வரும். அன்றைக்கு வரவில்லை.

"லாரியைத் திருப்பித் தர்றோம், வெங்காயத்தையும் தர்றோம்" என்றார் கேப்டன். "துப்பாக்கி மட்டும் என் கையில இல்லை. அது மேலிடத்துக்குப் போயாச்சு."

நஜீப் அதைச் சொன்னதும் அபு சாலிம் சிரித்தான். "வெங்காயத்துக்கா ரெண்டு நாளா உங்காளுக்குச் சோறு போடுறேன்?"

"சாவியைத் தர்றேன். அதை வாங்கிக்கிட்டு மேலே பேசலாம்" என்று கேப்டன் திரும்பினார். "எமோசி, லாரிச் சாவி ஜீப்புல இருக்கு. எடுத்துட்டு வா."

எமோசி வெளியே போய்ச் சாவியோடு திரும்பினான். கேப்டனிடம் போக ஒரே வழி, உட்கார்ந்திருந்த ஆறு பேருக்கும் முன்னால். இரண்டு நாளாகத் தூங்காத தலைக்குள் மச்சானைத் தவிர வேறு யாரும் இல்லை. உடம்பு தன் பாட்டுக்கு வேலை செய்தது. இடுப்பு மடங்கியது. சாவி பிடித்த வலது கை தரையோரமாகத் தொங்கியது. "திலோ, திலோ."

கூரைமேல் இருந்தவனுக்குத் தெரிந்தது வேறு. ஆறடிப் பட்டாளத்தான் ஒருவன் பதுங்கிப் பதுங்கித் தலைவனை நெருங்குகிறான். கையில் ஏதோ பளபளக்கிறது.

அவன் போட்ட சத்தத்தில் நாற்காலிகள் கவிழ்ந்தன. ஆறு துப்பாக்கிகளும் எமோசியின் பக்கம் திரும்பின. கூரைமேல் துப்பாக்கிக் குதிரை இழுபடுகிற சத்தம் தனியாகக் கேட்டது.

நிமிர்ந்தால் சுடுவார்கள் என்று எமோசிக்குத் தெரிந்தது. குனிந்தே நின்றாலும் சுடுவார்கள். ஊரில் பெரிய தவறு செய்தவன் என்ன செய்வானோ அதைச் செய்தான். அப்படியே சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்தான். சாவியை மண்ணில் வைத்தான். உள்ளங்கைகளைக் குழித்து, மெதுவாக, பொம், பொம், பொம் என்று மூன்று தடவை தட்டினான். தலையைத் தூக்கவில்லை.



"என்ன பண்றான் இவன்?" என்றான் அபு சாலிம்.

கேப்டன் கைகளை விரித்துக் காட்டியபடியே வாத்தியாரிடம் சொன்னார். "மன்னிப்புக் கேக்கறான். எங்க ஊர்ல உட்கார்ந்திருக்கறவங்க முன்னால நிமிர்ந்து போகமாட்டோம், குனிஞ்சுதான் போவோம். அதைத்தான் செஞ்சான். கையில இருக்கறது சாவி."

ஒருத்தன் வந்து சாவியைக் காலால் தள்ளிப் பார்த்தான். சாவிதான். ஆனாலும் துப்பாக்கிகள் இறங்கவில்லை.

"இவ்வளவு பெரிய ஆளு, துப்பாக்கி தூக்கற ஆளு, என் முன்னால குனிவானா?" என்றான் அபு சாலிம். "என்னை முட்டாள்னு நினைச்சியா? சாவியைக் காட்டிக்கிட்டே கிட்ட வந்து கழுத்தைப் பிடிக்க வந்தான்." பிறகு உள்ளறைக் கதவைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். "சரி வாத்தியாரே. ஊர் வழக்கம்னா உள்ள கிடக்கறவனுக்கும் அது இருக்கணும். அவன் காதுல நீங்க பேசினது எதுவும் விழுந்திருக்காது. அவனை அவிழ்த்து விடுறேன். இந்தக் கதவுலேருந்து எங்க முன்னால நடந்து உங்க ஜீப்புக்குப் போகட்டும். குனிஞ்சு போனான்னா கூட்டிட்டுப் போங்க, வெங்காயத்தோட என் கோபத்தையும் விட்டுடறேன். நிமிர்ந்து போனான்னா மூணு பேரும் இங்கதான்."

நஜீபின் குரல் கடைசி வார்த்தையில் உடைந்தது.

 உலகத்தில் எந்த ஃபிஜிக்காரனை வேண்டுமானாலும் அந்தக் கதவுக்குப் பின்னால் வைத்திருக்கலாம். வைத்திருந்தது வைசாலேயை. சொந்த ஊரில் தலைவர் முன்னால் வளையாத முதுகு, இரண்டு நாள் தன்னை அடைத்துவைத்தவர்கள் முன்னால் எதற்கு வளையும்?

"சுவத்தைப் பார்த்து உட்காரு" என்று ஒருத்தன் எமோசியின் தோளைப் பிடித்துத் திருப்பினான். "ரெண்டு கையும் தலைமேல. வாயைத் திறந்தே, கண்ணைக் காட்டினே, அவ்வளவுதான்." கேப்டனையும் திருப்பி உட்காரவைத்தார்கள். நாற்காலிகளை நிமிர்த்திப் போட்டு ஆறு பேரும் மறுபடி உட்காருகிற சத்தம் கேட்டது.

எமோசியின் மூக்குக்கு நேராகச் சுண்ணாம்பு உதிர்ந்த கல். அதில் ஒரு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. தாழ்ப்பாள் இழுபட்டது. அரபியில் ஒரு குரல், "போ" என்றது.

பிறகு எதுவும் கேட்கவில்லை. வைசாலே உள்ளறைக் கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்க்கிறான் என்று எமோசிக்குப் புரிந்தது. குனிடா மச்சான், என்று உள்ளுக்குள் சொன்னான். இந்த ஒரு தரம். அப்புறம் ஆயுசு முழுக்க என் தலைமேல ஏறி நட.

வெறுங்கால் ஒன்று சரளைக்கல்லில் பட்டது. பொத்.

எமோசி கண்ணை மூடிக்கொண்டான். அடுத்த காலடிக்குக் காத்திருந்தான்.

சர்ர்ர்.

பொத். சர்ர்ர். பொத். சர்ர்ர்.

அது அவனுடைய சொந்த நடை. அவனுடைய முட்டி, அவனுடைய இழுப்பு. தான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போதே தனக்குப் பின்னால் தானே நடந்து போவதைக் கேட்டான். தரையோரமாக ஒரு குரல், அவனுடைய குரலே, பணிவாக, "திலோ, திலோ" என்றது. ஆறு நாற்காலிகளையும் கடந்தது. கடைசியில் ஒரு மூக்குறிஞ்சல்.

வாசலுக்கு அந்தப் பக்கம் ஜீப்பின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. 

"என் முகத்துல துப்புவான்னு நினைச்சேன்" என்றான் அபு சாலிம். பிறகு உள்ளே பார்த்து ஏதோ சொன்னான். சின்னக் கிண்ணங்களில் காப்பி வந்தது. எமோசி ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தான். 

ஜீப் இரண்டு திருப்பம் தாண்டியது. வைசாலேயின் உதடு கிழிந்து வீங்கியிருந்தது. ஒரு கண் திறக்கவில்லை.

"மச்சான், நீ எப்படிடா குனிஞ்சே?" என்றான் எமோசி.

"யாரு குனிஞ்சா?"

"நீதான். அவங்க முன்னால."

"நான் எதுக்குடா அவங்க முன்னால குனியணும்? கதவைத் திறந்து விட்டாங்க. பார்த்தா நீ சுவத்தைப் பார்த்துக்கிட்டு, கையைத் தலைமேல வெச்சுக்கிட்டு, ஞாயித்துக்கிழமை வகுப்புல மணியைத் திருடி மாட்டினவன் மாதிரி உட்கார்ந்திருக்கே. அந்த முதுகைப் பார்த்ததும் என்னால முடியலை. சுடத்தான் கூப்பிட்டிருக்காங்கன்னு நினைச்சேன். சரி, போறதுக்கு முன்னால இவனை ஒரு தரம் சிரிக்க வெச்சுட்டுப் போவோம்னு உன்னை மாதிரி நடந்தேன்." பேசினது உதட்டில் இழுத்தது, கையால் பிடித்துக்கொண்டான். "நீ சிரிக்கவேயில்லை. நல்லாப் பண்ணலையா?"

கேப்டன் வண்டியை ஓரமாக நிறுத்தினார். இரண்டு கைகளையும் சக்கரத்தின் மேல் வைத்து நெற்றியை அதில் சாய்த்துக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

"இதை நான் ரிப்போர்ட்ல எழுதப் போறதில்லை" என்று வண்டியை மறுபடி எடுத்தார்.

குனிந்து போனால்தான் விடுவேன் என்று அபு சாலிம் போட்ட நிபந்தனையை எமோசி வழியில் விளக்கிச் சொன்னபோதுதான் வைசாலேக்கு விஷயம் புரிந்தது. அதற்கப்புறம் முகாம் வருகிறவரை அவன் யாருடைய குரலிலும் பேசவில்லை.

ஏழு மாதம் கழித்து அதே படகுத்துறை. அதே பாய்கள். எமோசி முதலில் இறங்கினான். பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினான். லிதியா பாயில் உட்கார்ந்திருந்தாள்; மடியில் உலாமிலா தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் பக்கம் அவள் முகத்தைத் திருப்பவில்லை. ஆனால் படகுப் பலகையில் இரண்டாவது ஆளின் காலடி கேட்டபோது அவள் கை பாயின் ஓரத்தைப் பிடித்துக் கசக்கியது.

"உலாமிலா அப்பா, உங்க மச்சான் ரொம்ப மெலிஞ்சுட்டாரு" என்றாள். "வீட்டுல தேங்காப்பால் விட்ட மீனும் சேப்பங்கிழங்கும் இருக்கு. வந்துதான் ஆகணும்னு சொல்லுங்க."

எமோசி பத்தடி நடந்தான். "மீன் இருக்காம். வந்துதான் ஆகணுமாம்."

"வர்றேன்னு சொல்லு" என்றான் வைசாலே. தொண்டையைச் செருமிக்கொண்டான். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்குப் போகிற வழியில் தங்கையின் பாயைக் கடக்க வேண்டியிருந்தது.

அங்கே வந்ததும் அவனுடைய முதுகு வளைந்தது. பழக்கமில்லாத வளைவு, மூட்டை சரிந்து கழுத்துக்கு வந்தது, கை எங்கே வைப்பதென்று தெரியாமல் முட்டியைப் பிடித்துக்கொண்டது. "திலோ" என்றான். அது அவனுடைய சொந்தக் குரல்.

இரண்டு கால்களும் ஒரே மாதிரி விழுந்தன. இழுப்பு இல்லை, உறிஞ்சலும் இல்லை. எமோசி கவனித்துக்கொண்டே நின்றான்.

"மச்சான்" என்றான், அவன் கிட்டே வந்ததும். "நொண்ட மறந்துட்டே."

"இது என் காலுடா" என்றான் வைசாலே.